கல்குளத்துக் களமும் கணக்கும்

பத்மநாபபுரம் அரண்மனையைக் காணச் செல்வோர், மந்திரசாலையின் மரவேலைப்பாட்டையும், சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த கருந்தரையையும், மூலிகை மரங்களால் ஆன கட்டிலையும் வியந்துகொண்டே போகிற வேகத்தில், முற்றத்தில் ஒரு சிறு பீடத்தின்மேல் இருக்கும் உருண்டைக் கல்லைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. சுமார் 38 கிலோ எடையுள்ள அந்தக் கல்லை இடைவிடாமல் நூறு முறை தலைக்குமேல் உயர்த்திக் காட்டிய வாலிபனுக்கே மகாராஜாவின் படையில் இடம் உண்டு என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நூறு என்ற எண்ணில் சிறிது அதிசயோக்தி கலந்திருக்கக்கூடும். நம்மில் எவரும் அதைப் பரீட்சித்துப் பார்க்கப்போவதில்லை. தென்பாண்டிக் கிராமங்களின் மந்தைகளிலும் இத்தகைய கற்கள் கிடந்ததுண்டு. இளவட்டக்கல் என்று அவற்றுக்குப் பெயர். ஆயினும் இரண்டுக்கும் ஒரு பேதம் உண்டு. மந்தைக் கல்லைத் தூக்கி முதுகுப்புறம் போட்டவனுக்குக் கிடைத்தது ஊராரின் மெச்சுதலும், அதிர்ஷ்டமிருந்தால் ஒரு பெண் வீட்டாரின் சம்மதமும். அரண்மனைக் கல்லைத் தூக்கியவனுக்குக் கிடைத்ததோ சம்பளம்.

இளைஞர் ஓடியாடுவதற்கும், மல்லாடுவதற்கும், கம்பு சுழற்றுவதற்கும் ஆகும் செலவை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வியை நம் சரித்திர ஆசிரியர்கள் அதிகமாக எழுப்பியதில்லை. யுத்தங்களின் செலவு எழுதப்பட்டிருக்கிறது. கோயில்களின் நிவந்தங்கள் கல்லிலே வெட்டப்பட்டிருக்கின்றன. ஊட்டுப்புரைகளில் எத்தனை பேர் உண்டார்கள் என்பதற்கும் கணக்கு உண்டு. மாலை வேளையில் ஊர்ப் பிள்ளைகள் கூடி விளையாடிய விளையாட்டுக்குத்தான் கணக்கில்லை. கணக்கு இல்லாமையால் செலவும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். செலவு எப்போதும் இருந்தது. அதைக் கொடுத்தவர்களில் பெரும் பங்கு கொடுத்தவர் எவரோ, அவர் பெயர் மட்டும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. கல்குளம் என்ற பழம்பெயருடைய இந்தச் சிற்றூரின் கதையை அந்தக் கோணத்திலிருந்து பார்ப்பது பயனற்ற காரியமாகாது.

வேணாட்டு அரசர்கள் 1601 ஆம் ஆண்டளவில் இங்கே அரண்மனை எழுப்பினார்கள். 1729 இல் பட்டமெய்திய மார்த்தாண்டவர்மர் அதைப் பெருக்கிக் கட்டி, கற்கோட்டையால் வளைத்து, தம் குலதெய்வத்தின் பெயரை ஊருக்குச் சூட்டி, 1750 இல் ராஜ்யம் முழுவதையுமே அந்தத் தெய்வத்துக்குத் திருப்படிதானமாகச் சமர்ப்பித்தார். பக்திமானான அவர் கணக்கிலும் கெட்டிக்காரர். மல்லன் சங்கரனைக் கொண்டு நிலங்களை அளந்து வரி நிர்ணயம் செய்வித்ததும், மிளகு வியாபாரத்தை அரசாங்கத்தின் ஏகபோகமாக்கியதும், வருஷத்துக்கு இன்ன வரவு, இன்ன இன்ன செலவு என்று முன்கூட்டியே வகுத்து வைக்கும் பதிவுக் கணக்கு என்னும் முறையை ஏற்படுத்தியதும் அவர் காலத்துக் காரியங்கள். ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டு சென்ற மிளகின் விலைதான், குளச்சலில் 1741 இல் சிறைப்பட்டுப் பிறகு இவருக்கே சேனாபதியான டிலனாய் என்ற டச்சுக்காரர் பக்கத்து உதயகிரிக் கோட்டையில் பயிற்றுவித்த படைகளுக்குச் சோறாகவும் துணியாகவும் மாறியது. அதற்கு முன்னரெல்லாம் போர் வந்தபோது மாடம்பிமாரும் பிரபுக்களும் தத்தம் களரிகளில் பழகிய ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருவதே வழக்கமாயிருக்க, இப்போது நிரந்தரச் சேனை ஒன்று அரசரின் பொக்கிஷத்திலிருந்து நேரே சம்பளம் வாங்கத் தொடங்கியது. வாலிபனுடைய தேகபலம் முதன்முதலாக ராஜ்யத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் ஓர் இனமாக ஏறியது என்று இதைச் சொல்லலாம். ஆனால் பொக்கிஷம் பணம் கொடுத்தது தன் தேவைக்கு. தேவைப்படாத தேகங்களுக்கு அது ஒரு சக்கரக் காசும் கொடுக்கவில்லை.

தேவைப்படாத தேகங்கள் இந்தப் பகுதியில் மிக அதிகம். கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் பனையேறியும் மண்வெட்டியும் வாழ்ந்த ஜனங்களிடமிருந்து, பதினாறு வயது முதல் அறுபது வயது வரை ஆண்களைத் தலையெண்ணித் தலைவரி வாங்கிய அரசாங்கம், அந்தத் தலைகளைப் படையில் சேர்க்கவில்லை, ஊழியம் வாங்கியது. எனினும் அவர்களிடையே அடிமுறையும் சிலம்பமும் வர்ம வித்தையும் தழைத்திருந்தன. அரசர் கொடுக்காத பணத்தை யார் கொடுத்தார்கள்?

இதற்கு விடை ஆசான் என்ற மனிதரிடம் இருக்கிறது. தென்திருவிதாங்கூரின் ஆசான்மார் வித்தையை அகத்தியரிடமிருந்து தொடர்வதாகச் சொல்லிக்கொள்வார்கள். அதைப் பற்றி நமக்கு விவாதமில்லை. அவர்கள் ஜீவனம் எப்படி நடந்தது என்பதுதான் விஷயம். சீடன் வெற்றிலையும் பாக்கும் சிறு காணிக்கையும் வைத்து ஒற்றைச்சுவடு கற்கத் தொடங்குவான்; ஓணத்துக்கு ஒரு முண்டு கொடுப்பான்; வாழை குலை தள்ளினால் ஒரு சீப்பு கொண்டுவருவான். இதைக் கொண்டு ஒரு குடும்பம் வாழ முடியாது. ஆசானை வாழவைத்தது வைத்தியம். பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவன், தெங்கிலிருந்து சறுக்கித் தோள் பிசகியவன், அடிதடியில் வர்மத்தில் தாக்குண்டு நினைவு தப்பியவன், இத்தனை பேரும் தூக்கிக்கொண்டு வரப்பட்ட இடம் அவர் வீட்டுத் திண்ணை. எண்ணெய் காய்ச்சி, கட்டுப் போட்டு, கஷாயம் கொடுத்து, மாதக்கணக்கில் அவர் வாங்கிய வைத்தியக் கூலியே, அந்தி சாய்ந்தபின் கொல்லையில் பிள்ளைகளுக்கு அவர் இலவசமாகச் சொல்லிக்கொடுத்த அடிக்கும் தடைக்கும் முதலாயிற்று. ஒடிந்த எலும்பு, உறுதியான எலும்புக்குச் சம்பளம் கொடுத்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் இதைவிடத் திறமையான நிதி ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்லை. அரசியல் மாறினாலும், தலைநகரம் பெயர்ந்தாலும், மிளகு விலை விழுந்தாலும், மனிதர்கள் மரத்திலிருந்து விழுந்துகொண்டுதான் இருந்தார்கள்.

படையின் கதை அப்படியன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரமாயிற்று. 1795 இல் ஆங்கிலக் கும்பினியாருடன் செய்த உடன்படிக்கையின் விளைவாகத் திருவிதாங்கூர் ஆண்டுதோறும் பெருந்தொகை கட்ட வேண்டியதாயிற்று. பணமுடை மிகுந்த அந்நாளில், கல்குளத்தை அடுத்த தலக்குளத்தில் பிறந்து தளவாய் ஸ்தானத்துக்கு உயர்ந்த வேலுத்தம்பி, செலவைக் குறைக்கும் வழி தேடி, 1804 இல் நாயர் படையினருக்குக் கொடுத்துவந்த படியில் கை வைத்தார். படை கலகம் செய்தது. கலகத்தை அடக்க அன்னியரின் துணையை நாட வேண்டிவந்தது. அதன் பின் 1805 ஜனவரியில் ஏற்பட்ட புதிய உடன்படிக்கை, வருஷாந்தரக் கப்பத்தை எட்டு லட்சம் ரூபாயாக உயர்த்தியது. செலவைச் சுருக்கப் புகுந்து செலவை இரட்டிப்பாக்கிக்கொண்ட அந்தத் தளவாயே நான்கு ஆண்டுகளில் கும்பினியாரை எதிர்த்துக் குண்டறையில் விளம்பரம் வெளியிட்டார் என்பதும், 1809 பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்தபின் உதயகிரியும் பத்மநாபபுரமும் பெரிதாக எதிர்ப்பின்றி வெள்ளையர் கைக்குப் போயின என்பதும், மறுமாதம் மண்ணடியில் அவர் உயிர்நீத்தார் என்பதும் எல்லாரும் அறிந்தவை. நம் விஷயத்துக்கு வேண்டியது இவ்வளவே: அரண்மனைச் சேவகத்துக்கு வேண்டிய ஒரு சிறு பகுதி நீங்கலாகப் படை கலைக்கப்பட்டது, ஆயுதங்கள் பறிமுதலாயின, பதிவுக் கணக்கில் ஏறியிருந்த தேகப்பயிற்சி ஒரே வீச்சில் கணக்கைவிட்டு நீங்கியது. திண்ணையில் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்த ஆசானின் களரியை மட்டும் எந்த உடன்படிக்கையும் தொடவில்லை.

அடுத்து வந்த விளையாட்டுகள் பள்ளிக்கூடத்தோடு வந்தவை. லண்டன் மிஷனார் 1806 இல் மயிலாடியிலும், பின்னர் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் காலூன்றி, கல்விச்சாலைகளையும் மருத்துவமனையையும் நிறுவினார்கள். பந்தாட்டமும் கோடு போட்ட மைதானமும் விசில் ஊதும் டிரில் மாஸ்டரும் இந்தப் பள்ளிகளின் வழியாகவே நம் பிள்ளைகளுக்கு அறிமுகமாயின. 1920 இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் வை.எம்.சி.ஏ. சார்பில் தேகப்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய பிறகு டிரில் மாஸ்டர் என்பவர் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரானார். பள்ளிச் சம்பளத்தோடு விளையாட்டுக் கட்டணம் என்று சில அணாக்கள் வாங்கும் முறையும் வந்தது. இது புதிய ஏற்பாடு. ஆசானுக்கு வைத்த காணிக்கை போலன்றி, விளையாடுகிறவனே விளையாட்டுக்கு நிர்ணயித்த கட்டணம் கட்டுவது அதுவரை இவ்வூர்கள் அறியாதது. அணா கட்ட முடியாமல் பள்ளியைவிட்டு நின்றவன் பந்தையும் விட்டு நின்றான்.

நெய்யூரைப் பற்றிப் பேசும்போது ஒரு கிளைக்கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பத்மநாபபுரத்திலிருந்து நடந்துபோகும் தூரத்திலுள்ள அந்த ஊர் ஆஸ்பத்திரியில் கத்திபிடித்த டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல், 1922 ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் பங்குகொண்டவர். திரும்பும் வழியில் நெய்யூரில் திரண்டிருந்த நோயாளிகளைக் கண்டு, லண்டன் மாநகரில் காத்திருந்த உத்தியோக வாழ்வைத் துறந்து இங்கே பணிபுரிய வந்துவிட்டவர். 1924 இல் சமோனியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் அந்த 1922 குழுவினருக்கு மலையேற்றத்துக்கான பதக்கம் வழங்கப்பட்டது. ஆகவே கன்னியாகுமரி ஜில்லாவில் வெகுகாலம் வாழ்ந்த ஒலிம்பிக் பதக்கக்காரர் ஒருவர் உண்டு. அவரைத் தேடி வந்தவர்கள் விளையாட்டு வீரரைத் தேடி வரவில்லை, வயிற்றுப்புண்ணுக்கு வைத்தியம் தேடி வந்தார்கள். அந்த மகத்தான மலையேற்றங்களும் பணமின்றி நடக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அடுத்து 1924 இல் நடந்த எவரெஸ்ட் பயணத்துக்காக ஜான் நோயல் என்ற படப்பிடிப்பாளர் திரைப்பட உரிமைக்கென்றே 8,000 பவுன் கொடுத்தார். 1920 இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியர்களுக்குச் சர் தோராப்ஜி டாட்டா தம் கைப்பணத்தைச் செலவிட்டார். அங்கே ஒரு படக்காரரும் ஒரு செல்வந்தரும் செய்ததை இங்கே யார் செய்வது?

இங்கே அதைச் செய்தது, முதற்கண், வயல். பத்மநாபபுரம் புத்தனாறு பாய்ந்த நிலங்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த காலத்தில், கும்பப்பூ அறுவடை முடிந்து வைக்கோலும் ஏறிவிட்டால், அடுத்த உழவு வரைக்கும் வயல் சும்மா கிடக்கும். ஈரம் வற்றி, தாள் மிதிபட்டு, தரை கெட்டிப்படும்போது, ஊரிலேயே விசாலமான மைதானம் அதுதான். கிளித்தட்டுக்குக் கோடு கிழிக்கவும், சடுகுடுவுக்கு மண் கொத்தவும், பின்னாளில் இரண்டு கமுகுத் தடிகளை நட்டு வாலிபால் வலை கட்டவும் யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. வயலுக்குடையவர் வரப்பில் நின்று, அடுத்த பூவுக்கு உழவு மாடு திணறும்படி தரையை இறுக்கிவிட்டீர்கள் என்று திட்டுவார். திட்டிவிட்டு ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். ஏக்கர்க்கணக்கான நிலத்தை ஆண்டில் சில வாரங்களுக்கு இலவசமாகக் கொடுத்த அந்த மனிதரை எந்த மன்றமும் புரவலர் என்று அழைக்கவில்லை. எந்த நோட்டீசிலும் அவர் பெயர் அச்சாகவில்லை. ஐம்பது ரூபாயில் ஒரு வெள்ளிமுலாம் கோப்பை கொடுத்தவருடைய தகப்பனார் பெயர் மட்டும் ஆண்டுதோறும் ஒலிபெருக்கியில் முழங்கியது. சுழற்கோப்பை கொடுக்க எத்தனையோ பேர் முன்வருவார்கள். பந்து வாங்கிக்கொடுக்க ஒருவரும் வரமாட்டார்கள் என்பது இத்தகைய சங்கங்களை நடத்திய எல்லாப் பொருளாளர்களின் அநுபவம். கோப்பை பெயரைத் தாங்கும். பந்து ஒரு பருவத்தில் கிழிந்துபோகும்.

வயலுக்கு அடுத்தது, பணம் பிரிப்பதில் ஊருக்கு ஏற்கனவே இருந்த பழக்கம். வாசகசாலை என்றும், இளைஞர் மன்றம் என்றும், கலை விளையாட்டுக் கழகம் என்றும் பெயர் வைத்துக்கொண்டு தோன்றிய சங்கங்கள் நிதி திரட்டும் வித்தையை எந்தப் புத்தகத்திலும் படித்து அறியவில்லை. அம்மன் கொடைக்குத் தலைக்கட்டு வரி போட்டு, கொடுக்காதவன் வீட்டுக்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் நடந்து, கொடை முடிந்தபின் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவு வாசித்து, மிச்சத்தை ஒரு நம்பிக்கையான ஆள் கையில் ஒப்படைக்கும் முறை அவர்களுடைய அப்பன் பாட்டன் காலத்தது. சபைகளில் அறுப்பின் பண்டிகைக்கு வந்த கோழியையும் பலாப்பழத்தையும் ஏலம் போட்டு, சந்தையில் விற்கும் விலையைப்போல் ஐந்து மடங்குக்குக் கேட்கவைத்து, கேட்டவனைப் பெருமைப்படுத்தி அனுப்பும் சாமர்த்தியமும் அவர்கள் கண்டிருந்ததே. அடுப்பில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து வைத்துச் சபைக்கோ சமுதாயத்துக்கோ கொடுக்கும் பிடியரிசி வழக்கம் திருவிதாங்கூர் முழுவதும் பரவியிருந்தது. பெண்களுடைய அந்தச் சேமிப்பிலிருந்து எத்தனை பள்ளிக்கூடங்கள் எழுந்தன என்பது தனிச் சரித்திரம்.

ஆக, ஓணத்துக்கு முன் மன்றத்துப் பையன்கள் ரசீதுப் புத்தகத்தோடு பிரிவுக்கு இறங்கும்போது, ஊரார் அதை வினோதமாகக் கருதவில்லை. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் ஊர்களில் ஓணம் பிறந்தால் வடம் இழுத்தலும், உறியடியும், வழுக்குமரமும், சடுகுடுவும் தவறாது நடக்கும்; பரிசு பெரும்பாலும் ஒரு வாழைக்குலை. அந்தக் குலையும் யாரோ ஒருவர் தோட்டத்திலிருந்து வந்தது. வெளியூர் அணிகளை அழைத்து வாலிபால் பந்தயம் வைக்கத் தொடங்கிய பிறகுதான் செலவு உண்மையில் வளர்ந்தது: பெட்ரோமாக்ஸ் விளக்குகளின் வாடகை, நடுவருக்குப் படி, வந்த அணிகளுக்குச் சாப்பாடு, ஒலிபெருக்கி, நோட்டீஸ். அணிகள் கட்டும் நுழைவுக் கட்டணம் சோற்றுக்கே போதாது. விழாமலர் போட்டு விளம்பரம் பிடிப்பதும், பக்கத்துத் தக்கலைக் கடைவீதியில் கடைகடையாக ஏறி இறங்குவதும், மன்றத்தின் பேரில் சீட்டு நடத்தித் தள்ளுபடியில் வந்த ஆதாயத்தை வலை வாங்கப் பயன்படுத்துவதும் அப்போது வந்த உபாயங்கள். சீட்டு நடத்துவது ஆபத்தான உபாயம். மன்றத்தின் சீட்டை எடுத்தவர் பாக்கியைக் கட்டாமற்போனால், அவர் செயலாளரின் மைத்துனராக இருக்கும் பட்சத்தில், அணியே இரண்டாகப் பிளந்துபோகும். பந்தயத்தில் தோற்று உடைந்த சங்கங்களைவிடச் சீட்டுப் பாக்கியில் உடைந்தவை அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இதில் வியப்பான அம்சம், கணக்கு வாசிக்கும் சடங்கு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் எழுந்து, முன்னிருப்பு இவ்வளவு, பிரிவு இவ்வளவு, சோடா இவ்வளவு, சுண்ணாம்பு இவ்வளவு என்று வாசிக்கும்போது, பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, சோடாவுக்கு அவ்வளவா என்று கேட்பான். கேட்கிறவனுக்குச் சோடாவில் அக்கறையில்லை. கடந்த பந்தயத்தில் தன்னை அணியில் சேர்க்கவில்லை என்ற மனத்தாங்கல் சோடா ரூபமாக வெளிப்படுகிறது. அப்படியிருந்தும் அந்தக் கேள்விக்கு விடை சொல்லியே தீர வேண்டும் என்பதில்தான் மன்றத்தின் உயிர் இருந்தது. மகாராஜாவின் பதிவுக் கணக்கை எழுந்து நின்று கேட்கும் அதிகாரம் படைவீரனுக்கு இருந்ததில்லை. படியைக் குறைத்தபோது அவனுக்குத் தெரிந்த ஒரே ஆட்சேபணை கலகம்.

அரசாங்கம் இரண்டாம் முறையாகக் களத்தில் இறங்கியது இருபதாம் நூற்றாண்டின் நடுவில். 1954 இல் ஜி.வி. ராஜாவின் முயற்சியால் திருவிதாங்கூர் கொச்சி விளையாட்டு மன்றம் ஏற்பட்டது. 1955 இல் அந்த ராஜ்யத்தில் இலக்கிய, சாஸ்திர, தர்ம சங்கங்களைப் பதிவு செய்வதற்கு ஒரு சட்டமும் வந்தது. இவற்றின் பயனைக் கல்குளத்துச் சங்கங்கள் அனுபவிக்கத் தொடங்குமுன்னரே, 1956 நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன. அரண்மனை கேரள அரசின் பராமரிப்பிலேயே நிற்க, அதைச் சூழ்ந்த ஊர் தமிழ்நாட்டின் நகராட்சியானது. நேற்றுவரை திருவனந்தபுரத்தைப் பார்த்திருந்த விளையாட்டுச் சங்கங்கள், அங்கீகாரத்துக்கும் அணித் தேர்வுக்கும் எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னையை நோக்கித் திரும்பின. இரவு ரெயில் ஏற வேண்டிய ஓர் இளைஞனுக்கு அந்தத் தூரமே ஒரு செலவு. பிறகு 1975 ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டமும், 1992 இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் வந்தன. அந்தப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஆண்டுதோறும் தணிக்கையான கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பந்துக்கும் வலைக்கும் திரட்டிய சொற்பப் பணத்தில் தணிக்கையாளருக்கும் ஒரு பங்கு போகவேண்டியிருப்பதால், பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்ட மன்றங்கள் எத்தனையோ.

வளைகுடா நாடுகளுக்கு நம் வாலிபர்கள் போகத் தொடங்கியபின் பணமுடை சற்றுத் தணிந்தது. முன்னாள் ஆட்டக்காரன் ஒருவன் அங்கிருந்து அனுப்பும் தொகை, கடைவீதியில் ஒரு வாரம் அலைந்து பிரித்ததைவிட அதிகம். அணிக்குச் சீருடை வந்தது, கோப்பைகள் உயர்ந்தன, மின்விளக்குகள் வந்தன. அதே பணம் ஊரில் நிலத்தின் விலையையும் ஏற்றியது. நெல் கட்டுப்படியாகாமல் வயல்கள் வாழையாயின. மேட்டு நிலங்கள் ரப்பராயின. சாலையோரத்து வயல்கள் மண் நிரப்பி வீடுகளாயின. வாழைக்கு நடுவே வாலிபால் ஆட முடியாது. வரப்பில் நின்று திட்டிய மனிதரின் பேரன் வயலை விற்றதில் நியாயம் இருக்கிறது. அந்த வயல் தங்களுக்கு எவ்வளவு பணம் தந்துகொண்டிருந்தது என்பதை அறிய மன்றத்தாரிடம் ஒரு கணக்கும் இல்லாததால், அது போகும்போது அவர்களால் ஒரு வார்த்தை பேசவும் முடியவில்லை.

இப்போது நகரங்களை ஒட்டிச் செயற்கைப் புல் விரித்த மைதானங்கள் தோன்றியிருக்கின்றன. அவற்றுக்கு வாடகை மணிக்கணக்கில். பள்ளி மைதானம் கிடைக்காத நாட்களில் சிறு சங்கங்கள் அங்கே போகின்றன, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொண்டு. பங்கு கொடுக்க இயலாதவன் மாலையில் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி நின்றுவிடுகிறான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும் செலவுப் பட்டியலில் மைதான வாடகை இன்று முதல் வரியாக வந்துவிட்டது. அந்த வரியைப் பற்றி மட்டும் பின்வரிசையிலிருந்து ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.